ஊர்க்குழாய்த் தண்ணீரில் பேரியம்: யார் மேல் வழக்குப் போடுவது?

கேள்வி: ஓமலூர் பக்கம் ஒரு ஊராட்சியில் இருக்கிறோம். போர் தண்ணீரை மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிக் குழாயில் விடுகிறார்கள். என் மகன் அதைத் தனியார் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் பேரியம் என்ற உலோகம் லிட்டருக்கு 1.6 மில்லிகிராம் என்று வந்தது. ஊராட்சியில் கேட்டால், "கொதிக்க வெச்சுக் குடிங்க, வேற ஏற்பாட்டுக்கு நிதி இல்லை" என்கிறார்கள். பக்கத்துத் தொழிற்சாலைதான் காரணம் என்று ஊரில் பேச்சு. அதன் மேல் வழக்குப் போடலாமா?

பதில்: அம்மா, கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பேரியம் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. கருவி அதைப் பெருமளவு பிரித்துவிடும். அது இல்லாதவரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் எடுங்கள். வீட்டில் ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் இருந்தால் மருத்துவரிடம் இந்த அறிக்கையைக் காட்டுங்கள். நம் நாட்டுக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 அனுமதிப்பது 0.7 மில்லிகிராம்தான்; வேறு நீராதாரம் இல்லை என்றாலும் அதில் தளர்வு கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவான 1.3-ஐயும் உங்கள் தண்ணீர் தாண்டிவிட்டது.

தொழிற்சாலை மேல் இப்போதே பாயாதீர்கள். பேரியம் பாறையிலிருந்தும் நிலத்தடி நீரில் கரைந்து வரும். ஆலைதான் காரணம் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழுந்தால் வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். அதுவரை ஊர் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டுமா? பேரியம் எங்கிருந்து வந்திருந்தாலும் நல்ல தண்ணீர் தர வேண்டியது ஊராட்சியும் அரசும். தூய நீர் அரசமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 1991-லேயே சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிதி இல்லை என்பதும் செல்லாது. 1980-ல் ரத்லம் நகராட்சி இதையே சொல்லிப் பார்த்தது, நீதிமன்றம் ஏற்கவில்லை.

உங்கள் வழக்கின் பலவீனம் ஆய்வகத்துக்குக் கொடுத்த அந்தத் தண்ணீர் மாதிரிதான். மகன் எந்தப் பாட்டிலில், எந்தக் குழாயில் பிடித்தார்? எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான். ஆகவே குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் மாதிரி எடுக்கட்டும் என்று கேளுங்கள். போர் மோட்டார் வாயில் ஒன்று, தெருக்குழாயில் ஒன்று. ஊர்க்காரர் இருவர் முன்னிலையில் பிடித்து, சீல் வைத்து, தேதி, நேரம், கையெழுத்துடன். உலோகத்துக்கான பாட்டிலில் அமிலம் சேர்ப்பார்கள், பயப்பட வேண்டாம். ஊராட்சியில் வைத்திருக்கும் கள ஆய்வுப் பெட்டியால் பேரியத்தைப் பார்க்க முடியாது, அதை நம்பி "எல்லாம் சரி" என்று எழுத விடாதீர்கள். இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் பழைய ஆய்வு அறிக்கைகளை மட்டுமல்ல, சான்றிட்ட மாதிரியையும் கேட்கலாம்.

அப்புறம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் இணைப்பு, அது வரும்வரை லாரித் தண்ணீர், இந்த இரண்டையும் கேளுங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள். அசைவில்லை என்றால் அரசைச் செயல்பட உத்தரவிடும்படி சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.

போர் தண்ணீர் மாதிரியில் பேரியம் இருந்து, ஆலைக் கழிவுதான் காரணம் என்பதற்கும் தடயம் கிடைத்தால், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும், சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே காலக்கெடு கறாரானது. பொதுவான வழக்குக்குப் பிரச்சினை எழுந்ததிலிருந்து 6 மாதம், இழப்பீட்டுக்கு 5 ஆண்டு. தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள், அவ்வளவுதான். மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நாளும் அந்தக் கணக்கில் ஓடும். மகனின் ஆய்வறிக்கைத் தேதியைக் குறித்து வையுங்கள்.

பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. அறிக்கை, மனு ரசீது இரண்டையும் எடுத்துக்கொண்டு சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை இந்த வாரமே பாருங்கள்.