கணினிக் கேள்வி பதில்: திரையில் பறக்கும் விமானத்துக்கு வண்ணம்

கேள்வி: ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் விளையாட்டில் உள்ள போயிங் 747 விமானத்துக்கு ஏர் இந்தியாவின் பழைய வண்ணத்தை நானே தீட்டியிருக்கிறேன். ஜன்னல்களைச் சுற்றி வரும் சிவப்பு வளைவுகள் எவ்வளவு கவனமாக வரைந்தாலும் குழம்பிய கோடாகத்தான் தெரிகின்றன. என் கைதான் சரியில்லையா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கையைக் குறை சொல்லாதீர்கள், கணக்கைப் பாருங்கள். 1971-இல் ஏர் இந்தியாவுக்கு வந்த 747 விமானங்களின் அழகே, ராஜஸ்தான் அரண்மனைகளின் ஜரோக்கா சாளரங்களைப் போல ஒவ்வொரு ஜன்னலுக்கும் எழுதப்பட்ட அந்த வளைவில்தான் இருந்தது. அந்த விமானத்தின் நீளம் ஏறத்தாழ 70.6 மீட்டர். உடற்பகுதி முழுவதையும், அதன் மேல் போர்த்தப்படும் 2048 பிக்சல் (படப் புள்ளி) அகலமுள்ள ஒரே படத்தில் அடக்கினால், ஒரு பிக்சல் என்பது சுமார் மூன்றரை சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. ஒரு ஜன்னலின் நடுவிலிருந்து அடுத்த ஜன்னலின் நடுவுக்கு 20 அங்குல இடைவெளி என்பதால், ஒரு ஜன்னலும் அதன் வளைவும் சேர்ந்து பதினைந்து பிக்சலுக்குள் அடங்கியாக வேண்டும். அந்த இடத்தில் வளைவின் நுனியைக் கூராகக் காட்ட எந்த ஓவியராலும் இயலாது.

ஆகவே, முதலில் நான்கு மடங்கு பெரிய படத்தில் ஒரே ஒரு வளைவை வரைந்து, சுருக்கிப் பார்த்து, சுருங்கிய பின்னும் கண்ணுக்கு வளைவாகவே தெரியும் அளவுக்குக் கோட்டைத் தடிப்பாக்கிய பிறகு அதையே நகலெடுத்து வரிசையாக வையுங்கள். படத்தையே 4096 பிக்சலுக்கு உயர்த்துவது இன்னும் நல்லது. ஆனால், விளையாட்டின் அமைப்புக் கோப்பில் டெக்ஸ்சர் மேக்ஸ் லோட் என்ற வரியில் 1024 என்று இருக்கும் வரை, நீங்கள் எவ்வளவு பெரிய படம் கொடுத்தாலும் விளையாட்டு அதைச் சுருக்கித்தான் காட்டும். அதை 4096 என்று மாற்றுங்கள். விளையாட்டுக்குள் சென்று காட்சி அமைப்புகளைத் தொட்டால் அந்த வரி சத்தமில்லாமல் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும் என்பதையும் மறவாதீர்கள். இது தெரியாமல் நான் இரண்டு மாலைப் பொழுதுகளை வளைவு வரைந்தே கழித்திருக்கிறேன்.

கேள்வி: ஃப்ளைட் சிமுலேட்டர் 2004-இல் என் விமானத்துக்கு வெள்ளை பூசினேன், எவர்சில்வர் குடம் போல மின்னுகிறது. ஏன்?
– வாசகி, லாஸ்பேட்டை

பதில்: நிறத்தில் பிழையில்லை. படக் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றோடு ஆல்பா என்ற நான்காவது தடமும் உண்டு. அந்த விளையாட்டு அதைப் பளபளப்பின் அளவாக எடுத்துக்கொள்கிறது: ஆல்பா கறுப்பாக இருந்தால் கண்ணாடி போல மின்னும், வெள்ளையாக இருந்தால் மின்னவே மின்னாது. கோப்பை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது உங்கள் ஆல்பா கறுப்பாகிவிட்டிருக்கிறது. டிஎக்ஸ்டிபிஎம்பி என்ற சிறு மென்பொருளில் கோப்பைத் திறந்து ஆல்பாவைத் தனியே எடுத்து, வெள்ளைக்கு நெருக்கமான சாம்பல் நிறத்தால் நிரப்பித் திரும்பச் சேர்த்து, டிஎக்ஸ்டி3 என்ற சுருக்கப் பட வடிவில் சேமியுங்கள். டிஎக்ஸ்டி1 என்ற இன்னொரு வடிவம் கோப்பின் அளவைப் பாதியாக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் ஆல்பாவில் கறுப்பு, வெள்ளை என்ற இரண்டே நிலைகள்தான் உண்டு என்பதால் இடைப்பட்ட பளபளப்பை அது தாங்காது.

கேள்வி: இதற்கெல்லாம் போட்டோஷாப் வாங்கித்தான் ஆக வேண்டுமா?
– மாணவர், நெல்லிக்குப்பம்

பதில்: வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் என்ற பட மென்பொருளே போதும்.

கேள்வி: புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கு வரும் ஏடிஆர் 72 விமானத்தின் மாதிரியில் ‘புதுச்சேரி’ என்று தமிழில் எழுத விரும்பினேன். போட்டோஷாப்பில் எழுத்து உடைகிறது. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் வலப்பக்கத்தில் இடவலமாக மாறித் தெரிகிறது.
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். கணினியின் நினைவில் முதலில் சகரமும் அதன் பின் இரட்டைக் கொம்பும் இருக்கும். கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது எழுத்தை வரையும் மென்பொருளின் வேலை. அது அந்த வேலையைச் செய்யாதபோது ‘சே’யின் கொம்பு சகரத்தை விட்டு நகர்ந்து ‘ரி’யின் முன்னால் போய் நிற்கிறது. போட்டோஷாப்பின் விருப்பத் தேர்வுகளில், எழுத்துக்கான பகுதியில், தெற்காசிய மொழிகளுக்குரிய முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டு மீண்டும் திறந்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். விமானத்தின் நீளம் 27 மீட்டரே என்பதால் 2048 பிக்சல் படத்தில் ஒரு பிக்சல் 1.3 சென்டிமீட்டர்தான்; புள்ளியும் சுழியும் தெளிவாகவே விழும்.

இரண்டாவது கோளாறு உங்கள் கையில் இல்லை. கடலூர்–புதுச்சேரி தடத்துப் பேருந்துக்குப் பெயர் எழுதும் ஓவியர் இரு பக்கமும் தனித்தனியே எழுதுகிறார். உங்கள் மாதிரியை உருவாக்கியவரோ இடப்பக்கப் படத்தையே வலப்பக்கத்துக்கும் மடித்துப் போர்த்தியிருக்கிறார் போலும். அப்படிப்பட்ட மாதிரியில் எந்த எழுத்தும் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் திரும்பியும்தான் நிற்கும். அடுத்த மாதிரியை எடுக்கும்போது வண்ணத்தைத் தொடுவதற்கு முன் வெற்றுப் படத்தில் கட்டம் போட்டு 1, 2, 3 என்று எண்களை எழுதி விளையாட்டில் ஏற்றி, விமானத்தைச் சுற்றி வந்து பாருங்கள். ஒரே எண் இரு பக்கமும் தென்பட்டால், அந்த மாதிரியில் பெயர் எழுதும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.