ஓ.டி. படித்த மகள் (கடிதமும் பதிலும்)

வணக்கம் ஐயா,

குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். என் மகள் ஆக்குபேஷனல் தெரபி நாலரை வருடம் படித்தவள். இரண்டு வருடமாக ஒரு தொண்டு நிறுவனத்தின் கிராம சுகாதாரக் குழுவில் வேலை. குழுவில் ஒரு நர்ஸ், ஒரு பிசியோ, இவள், இரண்டு களப்பணியாளர்கள். கொஞ்ச நாளாக முகம் வாடியே வருகிறாள். கேட்டால், "பிரஷர் பார்க்கிறேன், சுகர் பார்க்கிறேன், மாத்திரை தீர்ந்துபோச்சான்னு கேட்கிறேன், உதவித்தொகை பாரம் எழுதுறேன். படிச்ச வேலையை மட்டும் செய்யறதில்லைப்பா" என்கிறாள். கிராமத்தில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்வது நல்லதுதானே? இவள் என்ன படித்திருக்கிறாள் என்று ஊரில் கேட்டால் எனக்குச் சொல்லவும் தெரியவில்லை. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. போகச் சொல்லட்டுமா?

அன்புள்ள ஐயா,

மகள் என்ன படித்திருக்கிறார் என்ற உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

தமிழில் 'தொழில்வழி சிகிச்சை' என்கிறார்கள். கேட்பவர்கள் ஏதோ தொழிற்பயிற்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள். சுருக்கி ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர் என்கிறார்கள். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது, என் அம்மாவுக்குப் பக்கவாதம் வரும் வரை.

அம்மாவுக்கு அப்போது 68 வயது. இடது பக்கம் விழுந்துவிட்டது. பன்னிரண்டாம் நாள் கோலை ஊன்றி நடந்தார். "நடக்கிறாங்க, இனி பயமில்லை" என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அணைக்கட்டுப் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்கு வந்த பிறகு அம்மா நாளுக்கு நாள் வாடினார். சிறுநீர் கடுத்தது, மலச்சிக்கல் வந்தது. மாத்திரை மாற்றிக் கொடுத்தும் சரியாகவில்லை.

அப்புறம் ஒரு நாள் கிராமக் குழுவிலிருந்து ஒரு பெண் வந்தார். உங்கள் மகள் வயதுதான் இருக்கும். அம்மாவின் கையைத் தொடுவதற்கு முன்னால், "காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்கம்மா? எழுந்ததும் என்ன செய்வீங்க?" என்று ஆரம்பித்தார். மணி மணியாகக் கேட்டுக்கொண்டே ராத்திரி வரைக்கும் வந்தார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அம்மா தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் ராத்திரி எழுந்து தோட்டத்துக் கழிப்பறைக்குப் போக வேண்டும், பின்கட்டுப் படியில் இறங்கப் பயம். ஒரே வீட்டில் இருந்த எங்களுக்கு இது தெரியாது.

அந்தப் பெண் பையிலிருந்து டேப்பை எடுத்தார். அம்மாவின் முழங்கால் உயரம், கட்டிலின் உயரம், பின்வாசல் படியின் இறக்கம் எல்லாவற்றையும் அளந்தார். கட்டில் தாழ்வு, அதனால்தான் எழுந்திருக்கத் திணறுகிறார் என்று சொல்லி நான்கு கால்களுக்கும் கட்டை வைக்கச் சொன்னார். படி ஒன்றேகால் அடி இறக்கம். நடுவில் ஒரு அரைப்படி கட்டி, பக்கத்தில் பைப் பதிக்கச் சொன்னார். கொத்தனார் வலது பக்கம் ஒரு பைப் பதித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மறுவாரம் அந்தப் பெண் வந்து பார்த்ததும், "போகும்போது சரி, திரும்பி வரும்போது இந்தப் பைப் இடது பக்கம் வந்துடுமே. அம்மாவுக்கு இடது கை பிடிக்காதே?" என்றார். எனக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. இரண்டு பக்கமும் பதித்தோம். அம்மா ராத்திரி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் களி. எங்கள் பக்கம் கேழ்வரகுக் களி எப்படிக் கிண்டுவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பானையைத் தரையில் இறக்கி, கவைக்கோலைப் போட்டுக் காலால் அழுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்டுவார்கள். அம்மா கேட்டது இது ஒன்றைத்தான்: "நான் களி கிண்டணும்." நாங்கள் எல்லோரும் வேண்டாம் என்றோம். அந்தப் பெண் மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாவை முக்காலியில் உட்கார வைத்தார். பெரிய பானைக்குப் பதில் சின்னப் பாத்திரம். அதைச் சுவர் மூலையில் ஈரச் சாக்கின் மேல் வைத்து நகராமல் செய்தார். துடுப்பு வலது கையில், அதன் மேல் இடது கை. இடது கைக்குச் சூடு சரியாகத் தெரியவில்லை என்று முன்பே பரிசோதித்து வைத்திருந்தார். அதனால் எதைத் தொடுவதானாலும் முதலில் வலது கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் களி கட்டி தட்டியிருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அம்மா சிரித்துப் பார்த்தோம்.

ஊரில் கேட்டால் இதைச் சொல்லுங்கள் ஐயா. கையும் காலும் அசைய வழி செய்வது பிசியோ. அந்த மனுஷர் தன் வீட்டில், தன் நாளை, தன்னால் முடிந்த விதத்தில் திரும்ப நடத்துவதற்கு வழி செய்வது உங்கள் மகளின் படிப்பு. இரண்டும் சேர்ந்துதான் நடக்கும். பிசியோ தந்த நடைதான் அம்மாவைப் படி வரைக்கும் கொண்டுவந்தது.

பக்கவாதம் மட்டும் என்றில்லை. உட்கார முடியாத மூளைவாதக் குழந்தைக்கு வீட்டில் இருப்பதை வைத்து, சுவர் மூலை போல முதுகைத் தாங்கும் மூலை நாற்காலி செய்து, அது நிமிர்ந்து சாப்பிடப் பழக்குவதும் இவர்கள் வேலைதான். மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டு நாள் முழுக்கப் படுத்தே கிடக்கும் பையனை, காலையில் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வருவது என்ற ஒரு வேலையில் தொடங்கி, மெல்ல மெல்ல ஒரு நாளின் ஒழுங்குக்குள் கொண்டுவருவதும் இதில் அடக்கம்.

இப்போது முதல் கேள்வி. எல்லா வேலையும் பார்ப்பது நல்லதுதானே என்கிறீர்கள். பாதி சரி. ஒரு வீட்டுக்குள் போன பிறகு, பிரஷர் பார்ப்பது என் வேலை இல்லை என்று சொல்வது அழகில்லை. ஐந்து பேர் ஐந்து நாள் வந்து ஐந்து கேள்வி கேட்பதைவிட, தெரிந்த முகம் ஒன்று வந்தால் வீட்டுக்காரர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் அம்மா தண்ணீர் விஷயத்தைச் சொல்லியிருக்கவே மாட்டார்.

ஆனால் மகளின் வருத்தம் நியாயமானது. பிரஷர் பார்க்க ஆள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு, பிரஷர், சுகர் மாத்திரையோடு தன்னார்வலர்கள் வீடு தேடி வருகிறார்கள். அந்தத் திட்டத்தில் பிசியோவும் உண்டு. பைப் எந்தப் பக்கம் பதிக்க வேண்டும் என்று பார்க்க உங்கள் மகளை விட்டால் அந்தக் குழுவில் யார்? அவருடைய வேலையை இன்னொருவர் செய்ய முடியாது. அதனால்தான் அது விட்டுப்போனாலும் யாருக்கும் தெரிவதில்லை. பிரஷர் பார்க்காத வீடு ரெஜிஸ்டரில் காலிக் கட்டமாகத் தெரியும். தண்ணீர் குடிக்காத அம்மாவுக்கு எந்த ரெஜிஸ்டரிலும் கட்டம் கிடையாது.

நம் வேலூருக்கு இந்த வேலை புதிதில்லை. தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையில் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட், நிமிர்ந்த கையோடு அவர்கள் போய் எப்படிப் பிழைப்பார்கள் என்று யோசித்தார். 1950களின் தொடக்கத்திலேயே அவர்களுக்கென்று அமைத்த நவஜீவ நிலையத்தில் தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்றுக்கொடுத்தார்கள். டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்ததே அவரால்தான். உங்கள் குடியாத்தம் சாலையில், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் வண்டியை நிறுத்தி மரத்தடியில் வைத்தியம் பார்த்த காலம் இன்னும் முந்தியது. வீடு தேடிப் போவதும், பிழைப்பை யோசித்து வைத்தியம் பார்ப்பதும் இந்த மண்ணில் முன்பே இருந்தவை. உங்கள் மகளின் வேலையில் இரண்டும் சேர்கின்றன.

சென்னைக்குப் போகலாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். பெரிய ஆஸ்பத்திரியில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும். நீங்கள் கேட்டதால் என் எண்ணத்தைச் சொல்கிறேன்: ஆறு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு மத்தியானம் தன் வேலைக்கு மட்டும் என்று குழுத் தலைவரிடம் கேட்கட்டும். வெறுமனே கேட்டால் கிடைக்காது. ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, முதல் நாள் அந்த அம்மாவால் என்னென்ன செய்ய முடியவில்லை, எட்டு வாரம் கழித்து என்னென்ன செய்கிறார் என்று எழுதி, படி அளவோடு மீட்டிங்கில் வைக்கட்டும். நர்ஸுக்கும் களப்பணியாளர்களுக்கும் ஒரு கேள்வியைப் பழக்கிவிடட்டும்: "ராத்திரி கழிப்பறைக்கு எப்படிப் போறீங்க?" அந்தக் கேள்வியிலேயே இவருக்கான வீடுகள் வந்து சேரும். அத்தனைக்குப் பிறகும் பிரஷர் மிஷினைத்தான் கையில் கொடுப்பார்கள் என்றால், தயங்காமல் கிளம்பட்டும். நாலரை வருடப் படிப்பை வீணாக்கச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

எங்கள் வீட்டுக்கு வந்த பெண் போன வருடம் வேறு மாவட்டத்துக்கு மாறிப்போய்விட்டார். உங்கள் மகள் அணைக்கட்டுப் பக்கம் வந்தால் அவசியம் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். மார்கழியில் வாசலில் குனிந்து கோலம் போட வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். அதற்கு என்ன வழி என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அன்புடன்.