ஆர்ம் கோலோச்சும் சந்தையில் ரிஸ்க்-ஃபைவ் எங்கே நுழைய முடிகிறது, எங்கே திணறுகிறது?

ப்ராசஸருக்குப் புரியும் கட்டளைகளின் தொகுப்புதான் ஆர்க்கிடெக்சர்; ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் இரண்டும் அப்படிப்பட்டவை. ஆர்முக்கு உரிமக் கட்டணம் உண்டு; 2010இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவுக்கு இல்லை. சென்சார், ஹார்ட் டிஸ்க் கன்ட்ரோலர் போன்றவற்றில் மென்பொருளும் தயாரிப்பாளரின் கையிலேயே இருப்பதால் மாறுவது எளிது.

போனிலும் கணினியிலும்தான் சிக்கல். போல்ட்டின் மரை மாறினால் பழைய நட்டு ஏறாது அல்லவா, அதே கதைதான்: ஆர்முக்குக் கம்பைல் செய்த, அதாவது ஆர்ம் கட்டளைகளாக மாற்றிய புரோகிராமை ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸில் ஓட்டினால் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று நின்றுவிடும். சி நிரல் என்றால் மறுபடி கம்பைல் செய்தால் பெரும்பாலும் போதும். ஆனால் வீடியோவைச் சுருக்கி விரிக்கும் கோடெக்குகளில், பல தரவுகளை ஒரே நேரத்தில் கையாளும் ஆர்மின் 'நியான்' கட்டளைகளைக் கொண்டு கையால் எழுதிய பகுதிகளைப் புதிதாகவே எழுத வேண்டும். எழுதாவிட்டால் வேகம் அங்கேதான் அடிவாங்கும்.

ரிஸ்க்-ஃபைவ் 'ஓப்பன்' என்பதால் சிப்பே இலவசம் என்று நினைக்க வேண்டாம். திறந்திருப்பது கட்டளைத் தொகுப்பு மட்டுமே, அதை வைத்து வடிவமைத்த ப்ராசஸர் 'கோர்' டிசைனை யாரும் விலைக்கு விற்கலாம்.