'வில்'லுக்கும் வினைக்கும் நடுவே

வணக்கம் ஐயா,

ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவது என் வேலை. 'வீ வில் கேர்ஃபுலி எக்ஸாமின் யுவர் கம்ப்ளைன்ட்' என்று எழுதியிருந்தேன். 'வில்'லையும் வினையையும் பிரிக்கக் கூடாது என்று மேலதிகாரி 'கேர்ஃபுலி'யைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார். அப்படி ஒரு விதி இருக்கிறதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இல்லை. நீங்கள் எழுதியது நல்ல ஆங்கிலம். வில், கேன், ஷுட், மே போன்ற துணைவினை வந்தால் அதை அடுத்த இடம்தான் 'கேர்ஃபுலி' போன்ற வினையடைக்கு இயல்பான இடம்.

'டு எக்ஸாமின்' போன்றவற்றில் 'டு'வையும் வினையையும் பிரித்து நடுவில் வேறு சொல் வைக்கக் கூடாது என்ற கண்டிப்பு 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வலுத்தது. அந்தப் பயத்தைத் துணைவினைகளுக்கும் சிலர் நீட்டிவிட்டார்கள். 1926இல் வெளிவந்த தன் ஆங்கில வழக்கு அகராதியிலேயே ஃபௌலர் இதைக் கண்டித்திருக்கிறார். ஆனாலும் அலுவலகங்களில் இன்னும் ஓயவில்லை.

இந்தப் பயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்க அதிபரின் உறுதிமொழி 1787இல் எழுதப்பட்ட அரசியலமைப்பிலேயே இருக்கிறது: 'ஐ வில் ஃபெய்த்ஃபுலி எக்ஸிக்யூட் தி ஆஃபீஸ்'. 2009 ஜனவரி 20 அன்று ஒபாமா பதவியேற்றபோது தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அதை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். 'ஃபெய்த்ஃபுலி' அவர் வாயில் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விட்டது. ஒபாமா பாதியில் நிறுத்தினார். ராபர்ட்ஸ் திருத்தப் பார்த்துத் தடுமாறினார். கடைசியில் ஒபாமாவும் அந்தச் சொல்லைக் கடைசியில் வைத்தே சொன்னார். பின்னால் சட்டச் சிக்கல் எதுவும் வரக் கூடாதென்று மறுநாள் வெள்ளை மாளிகையில் மறுபடியும் உறுதிமொழி எடுக்க வேண்டியதாயிற்று. துணைவினையைப் பிரிக்கக் கூடாது என்று ஊறிப்போன பழக்கம்தான் நீதிபதியின் நாக்கைத் திருப்பிவிட்டது என்று மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் அப்போது எழுதினார். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. அதே உறுதிமொழியில் சற்றுத் தள்ளி 'வில்'லுக்கும் 'ப்ரிசர்வ்'வுக்கும் நடுவே 'டு தி பெஸ்ட் ஆஃப் மை எபிலிட்டி' என்று ஆறு சொற்கள் உட்கார்ந்திருக்கின்றன. எழுதியவர்களுக்கு அது உறுத்தவே இல்லை.

சரி, இடம் மாறினால் என்ன ஆகும்? சில சமயம் பொருளே மாறும். 'யூ சிம்ப்ளி கான்ட் லீவ்' என்றால் நீ போகவே கூடாது, பேச்சுக்கே இடமில்லை. 'யூ கான்ட் சிம்ப்ளி லீவ்' என்றால் போகலாம், ஆனால் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் சும்மா கிளம்பிவிட முடியாது. முதலாவதில் 'சிம்ப்ளி' மறுப்பை அழுத்துகிறது. இரண்டாவதில் மறுப்பு 'சிம்ப்ளி'யைப் பிடித்துக்கொள்கிறது. 'எங்கேயும் வைக்கலாம்' என்று சொல்லித்தருபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

துணைவினைகள் இரண்டு மூன்று அடுக்கி வந்தால், எப்படிச் செய்தார்கள் என்று சொல்லும் அடை கடைசி வினையோடு ஒட்டும்: 'தி பாக்ஸஸ் ஷுட் ஹாவ் பீன் கேர்ஃபுலி பேக்ட்'. நடக்குமா நடக்காதா என்று சொல்லும் அடை முதல் துணைவினையை அடுத்து வரும்: 'தே வுட் ப்ராபப்ளி ஹாவ் பீன் டேமேஜ்ட்'. மறுப்பு வந்தால் 'ப்ராபப்ளி' இன்னும் முன்னால் போய்விடும்: 'ஹீ ப்ராபப்ளி வோன்ட் கம்'.

உங்கள் மேலதிகாரியின் வாக்கியமும் தப்பில்லை. 'வீ வில் எக்ஸாமின் யுவர் கம்ப்ளைன்ட் கேர்ஃபுலி' என்றால் கவனத்துக்குக் கொஞ்சம் அழுத்தம் கூடுகிறது, அவ்வளவுதான். ஆனால் எந்தச் சரக்கு, எந்தத் தேதியில் வந்தது என்றெல்லாம் 'கம்ப்ளைன்ட்'டுக்குப் பின்னால் நீட்டினால், கடைசியில் வரும் 'கேர்ஃபுலி' எந்த வினையைச் சேர்ந்தது என்றே தெரியாது. அந்த மாதிரி வாக்கியத்தில் நடுவில் வைப்பதுதான் நல்லது.

உண்மையில் தவிர்க்க வேண்டியது வேறு ஒன்று. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் இடையில் அடையைச் செருகாதீர்கள். 'வில் எக்ஸாமின் கேர்ஃபுலி யுவர் கம்ப்ளைன்ட்', 'ஹீ கேன் ஸ்பீக் வெல் இங்கிலீஷ்' என்று நம்மவர்கள் கடிதங்களில் அடிக்கடி பார்க்கிறேன். சிவப்பு மையில் சுழிக்க வேண்டியவை இவைதான்.