சிவில் மட்டும் பார்த்தவர் அரசு வழக்கறிஞர் ஆகலாமா?

வணக்கம் அண்ணாச்சி. அம்பாசமுத்திரத்தில் 8 ஆண்டாக சிவில் மட்டும் பார்த்த நீங்கள், கிரிமினலும் சேர்ந்த கூடுதல் அரசு வழக்கறிஞர் பதவிக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போடுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 18-ஆம் பிரிவு 7 ஆண்டு வக்கீல் தொழிலைத்தான் கேட்கிறது; கிரிமினல் அனுபவத்தைத் தனியாகக் கேட்கவில்லை.

சொல்லப்போனால் உங்களைத் திணறடிக்கப் போவது சிவில் பக்கம்தான். குளத்துப் புறம்போக்கு வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிருரைக்கு, அதாவது வழக்குக்கு அரசு தரும் எழுத்துப்பூர்வ பதிலுக்கு, சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் 90. தாலுகா ஆபீஸில் ஃபைல் அதற்குள் லேசில் நகராது. சம்மன் வந்த அன்றே தாசில்தாருக்கு எழுதி ஏ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்பட (நில அளவை வரைபட) நகல் இரண்டையும் கேளுங்கள். அப்புறம் சர்வேயரைப் பக்கத்தில் உட்காரவைத்து, குளத்தங்கரை எந்த உட்பிரிவில் வருகிறது என்று கோடு கோடாகப் பாருங்கள். வழக்கு அதில்தான் நிற்கும். சிவில் நடைமுறைச் சட்டம் 80-ஆம் பிரிவுப்படி, வழக்குப் போடும் முன் அரசுக்குத் தர வேண்டிய நோட்டீஸ் வந்ததா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கிரிமினலில் சாட்சிதான் எல்லாம். ஊர்ப்பகை வழக்கில் சாட்சிகள் முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ்ந்துவிடுவார்கள். பயமா, சமரசமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். தண்டனை வாங்குவது மட்டும் நம் வேலை இல்லை. எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சாதகமான ஆவணம் கையில் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

பதவியேற்கும் முன், அரசுக்கு எதிராக நீங்கள் ஆஜராகும் வழக்குகளை வேறு வக்கீலுக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.