கையெழுத்திட்டு வாக்களித்த காலம்: விக்டோரியா கால நகரமன்றத் தேர்தல் பற்றிய கேள்விகளும் பதில்களும்

விக்டோரியா காலத்து இங்கிலாந்து என்றாலே நாடாளுமன்றத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைத் தீர்மானித்த நகரமன்றத் தேர்தல்கள் பற்றி வாசகர்கள் கேட்டிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

1835க்கு முன்பு இங்கிலாந்தில் நகரமன்றங்களே இல்லையா?

இருந்தன. ஆனால் பல ஊர்களில் தேர்தல் என்ற பேச்சே கிடையாது. ஓர் இடம் காலியானால், மீதமுள்ள உறுப்பினர்களே தங்களுக்கு வேண்டிய ஒருவரைச் சேர்த்துக்கொள்வார்கள். 1835ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம் 178 ஊர்களில் இந்த வழக்கத்துக்கு முடிவு கட்டியது. வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கும் உறுப்பினருக்கு மூன்றாண்டுப் பதவி. ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கினர் விலக, நவம்பர் 1 அன்று தேர்தல் நடக்கும். நவம்பர் 9 அன்று மன்றம் கூடி மேயரைத் தேர்ந்தெடுக்கும். உறுப்பினர் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு, ஆல்டர்மேன் எனப்படும் மூத்த உறுப்பினர்களையும் மன்றமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அவர்களுக்கு ஆறாண்டுப் பதவி. மக்களிடம் தோற்ற கட்சி, ஆல்டர்மேன்களின் பலத்தால் மன்றத்தைக் கையில் வைத்திருக்க இது வழிவிட்டது. சட்டத்தின் மோசமான பகுதி இதுதான் என்பது என் கருத்து.

முதல் தேர்தல் 1835 டிசம்பர் 26 அன்று நடந்தது. லெஸ்டர் நகரில் 42 இடங்களில் 38 சீர்திருத்தக்காரர்களுக்குப் போயின. புதிய மன்றம் முதல் வேலையாகப் பழைய மன்றத்தின் வெள்ளிப் பாத்திரங்களையும் செங்கோலையும் ஏலத்தில் விற்றுவிட்டது. அந்த ஊர் மக்களிடம் எவ்வளவு கோபம் சேர்ந்திருந்தது என்பதை இது ஒன்றே காட்டிவிடும்.

ரகசிய வாக்கெடுப்பு 1872இல்தான் வந்தது என்கிறார்கள். அதுவரை எல்லோரும் மேடையேறி வாய்விட்டுச் சொல்லித்தான் வாக்களித்தார்களா?

நாடாளுமன்றத் தேர்தலில் அப்படித்தான். நகரமன்றத் தேர்தலில் தாள் உண்டு, ரகசியம்தான் இல்லை. தான் ஆதரிக்கும் வேட்பாளர்களின் முழுப் பெயர், முகவரி, தொழில் ஆகியவற்றை வாக்காளர் ஒரு தாளில் எழுதுவார். கீழே தன் கையெழுத்தையும், எந்தத் தெருவில் உள்ள சொத்துக்கு வரி கட்டுகிறாரோ அந்தத் தெருவின் பெயரையும் சேர்ப்பார். காலை 9 மணி முதல் மாலை 4 மணிக்குள் அதைத் தேர்தல் அலுவலரிடம் நேரில் கொடுக்க வேண்டும். பட்டியலில் இருப்பவர் நீர்தானா, இது உமது கையெழுத்தா, ஏற்கெனவே வாக்களித்துவிட்டீரா என்பனவற்றை மட்டும் அவர் கேட்கலாம்.

தேர்தல் முடிந்த பிறகு நடப்பதைக் கவனியுங்கள். அந்தத் தாள்கள் நகரமன்றச் செயலரின் அலுவலகத்தில் குறைந்தது ஆறு மாதம் பத்திரமாக இருக்கும். வாக்குரிமை உள்ள எவரும் ஒரு ஷில்லிங் கட்டணம் செலுத்தி அவற்றைப் புரட்டிப் பார்க்கலாம். வீட்டுச் சொந்தக்காரர் தன் குடித்தனக்காரர் யாருக்கு வாக்களித்தார் என்றும், மொத்த வியாபாரி தன்னிடம் கடனுக்குச் சரக்கெடுக்கும் சில்லறைக் கடைக்காரர் யார் பக்கம் நின்றார் என்றும் ஒரு ஷில்லிங்கில் தெரிந்துகொள்ளலாம். அடி உதையெல்லாம் தேவையே இல்லை. அன்றைய தேர்தல் முடிவுகளைப் படிக்கும்போது, மக்களின் விருப்பம் அதில் எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடிவதில்லை. 1872ஆம் ஆண்டு வாக்குச்சீட்டுச் சட்டம் நாடாளுமன்றத் தேர்தலோடு நகரமன்றத் தேர்தலுக்கும் பொருந்தியது. அதை நான் மிகப் பெரிய விடுதலையாகக் கருதுகிறேன்.

வேட்புமனு தாக்கல் செய்யாமலே ஒருவர் உறுப்பினர் ஆகிவிட முடியும் என்று படித்தேன். உண்மையா?

உண்மைதான். 1859 வரை முறையான வேட்புமனு கிடையாது. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே பலர் உங்கள் பெயரை எழுதிக் கொடுத்தால், நீங்கள் தேர்வாகிவிடலாம். தகுதியிருந்தும் பதவி வேண்டாம் என்று மறுத்தால், உறுப்பினருக்கு 50 பவுண்டு வரையிலும் மேயருக்கு 100 பவுண்டு வரையிலும் அபராதம். ஊருக்கு உழைப்பது கடமை என்று சட்டமே கருதிய காலம் அது.

பெண்களுக்கு வாக்குரிமை இருந்ததா?

1835 சட்டம் ஆண்களுக்கு மட்டும் என்று வெளிப்படையாகவே சொன்னது. 1869இல் மான்செஸ்டர் நாடாளுமன்ற உறுப்பினர் ஜேக்கப் பிரைட் கொண்டுவந்த திருத்தத்தால், வரி செலுத்தும் பெண்கள் நகரமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்றானது. நாடாளுமன்றத் தேர்தலில் அவர்களுக்கு வாக்குரிமை கிடைக்க அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. ஆனால் 1872இல் நீதிமன்றம் திருமணமான பெண்களுக்கு இந்த உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. கணவனை இழந்து தனியே கடை நடத்திய பெண்ணுக்கு வாக்கு உண்டு. அவரே மறுமணம் செய்துகொண்டால் இல்லை. எனக்கு இன்றும் ஆறாத அநியாயம் இது. நகரமன்ற உறுப்பினராகும் உரிமை பெண்களுக்கு 1907 வரை கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே ஆல்ட்பரோ நகரில் மருத்துவர் எலிசபெத் காரெட் ஆண்டர்சன் மேயரானார்.

எந்தப் பிரச்சினையை வைத்துத் தேர்தல் நடந்தது? கட்சிக் கொள்கையா, உள்ளூர் விவகாரமா?

மேலே கட்சிக்கொடி, அடியில் வரி. பர்மிங்காமைப் பார்த்தால் போதும். 1838இல்தான் அந்த ஊருக்கு நகரமன்றம் கிடைத்தது. முதல் தேர்தலில் 48 இடங்களும் லிபரல் கட்சியினருக்கே. ஆனால் 1850களில் ஜோசப் ஆல்டே தலைமையிலான சிக்கனக்காரர்கள் மன்றத்தைப் பிடித்தார்கள். வுட்மேன் என்ற மதுக்கூடத்தில் கூடிப் பேசி முடிவெடுப்பது அவர்கள் வழக்கம். வரியைக் குறை என்பதே அவர்களின் ஒற்றைக் கோரிக்கை. சாலையும் சாக்கடையும் திட்டமிட்ட நகரப் பொறியாளர் ஜான் பிகட் ஸ்மித்தை 1857இல் வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர்களைக் கஞ்சர்கள் என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது சரியல்ல. வரி உயர்ந்தால் முதலில் தள்ளாடுவது சிறு கடைக்காரர்தான். அவர்களுக்கு வாக்களித்தவரும் அவரே. ஆனால் அந்தச் சிக்கனத்தின் விலையை, கழிவுநீர் கசிந்த கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்தவர்கள் கொடுத்தார்கள். அவர்களில் பலருக்கு வாக்கே இல்லை.

திருகாணித் தொழிலதிபர் ஜோசப் சேம்பர்லின் 1869இல் செயின்ட் பால் வார்டில் வென்று, 1873இல் மேயரானார். 1875இல் எரிவாயு நிறுவனங்களையும், 1876இல் குடிநீர் நிறுவனத்தையும் நகரமன்றம் வாங்கியது. எரிவாயுவில் லாபம் பார்க்கலாம், தண்ணீரில் பார்க்கக் கூடாது என்பது அவர் வாதம். எரிவாயு முதலாண்டிலேயே 34,000 பவுண்டு லாபம் தந்தது. வரியை ஏற்றாமலே ஊரைச் சீர்செய்யலாம் என்று காட்டியதால்தான் சிக்கனக்காரர்களின் வாய் அடைந்தது.

தேர்தலில் மது ஆறாக ஓடியதாமே?

ஓடியது. வேட்பாளரின் தேர்தல் அலுவலகமே பெரும்பாலும் மதுக்கடை மாடியில்தான் இருக்கும். 1884 சட்டம் அதைத் தடை செய்தது. பேண்டு வாத்தியம், தீப்பந்தம், கொடி, ரிப்பன் ஆகியவற்றுக்குப் பணம் கொடுப்பதும் குற்றமானது. செலவுக்கும் வரம்பு வந்தது: அடிப்படையாக 25 பவுண்டு; 500 வாக்காளருக்கு மேல் இருந்தால், கூடுதலான ஒவ்வொருவருக்கும் இன்னும் 3 பென்ஸ்.

நம் நகராட்சிகளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த ரிப்பன் பிரபு வழியாக. 1882 மே 18 அன்று அவர் வெளியிட்ட தல சுயாட்சித் தீர்மானம், உள்ளாட்சியின் முதல் நோக்கம் நிர்வாகத் திறமை அல்ல, மக்களுக்கு அரசியல் பயிற்சி அளிப்பதே என்று தெளிவாகச் சொன்னது. சென்னை மாகாணத்தின் 1884ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டங்கள் அதைத் தொடர்ந்தே வந்தன. சென்னை மாநகராட்சிக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்பது எல்லோருக்கும் தெரியும். வைஸ்ராயாக இருந்த அதே மனிதர், தாயகம் திரும்பிய பின் 1895–96இல் யார்க்‌ஷயரிலுள்ள ரிப்பன் என்ற சிறிய நகரத்தின் மேயராகவும் பணியாற்றினார்.