ரிப்போர்ட்டில் 'டி.ஐ.எல். 40%': நோய் பரவிவிட்டதா?

கேள்வி: என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், ட்ரிபிள் நெகட்டிவ் வகை. பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'டி.ஐ.எல். 40%' என்று இருக்கிறது. ரத்த அணுக்களிலும் நோய் பரவிவிட்டதா? எதிர்ப்புசக்தி கூட்டும் கஷாயம் தரலாமா?

பதில்: அந்த எண் பரவலைச் சொல்வதே இல்லை. கட்டிக்குள் புகுந்திருக்கும் நிணநீர் அணுக்களின் (ஒருவகை வெள்ளை அணுக்கள்) கணக்கு அது. அம்மாவின் உடல் அனுப்பிய படை. புற்றணுக்களுக்கு இடையிலுள்ள திசுப்பரப்பில் எத்தனை சதவீதத்தை அவை பிடித்திருக்கின்றன என்று நுண்ணோக்கியில் பார்த்து எழுதுகிறார்கள். கண்மதிப்புதான், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

ட்ரிபிள் நெகட்டிவில் (இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 புரதமும் இல்லாத வகை) இது கூடுதலாக இருப்பது நல்லதே. கீமோ எடுக்காத 1,966 பேரை ஆராய்ந்த முடிவுகள் 2024-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்தன. முதல் நிலை நோயில் இந்த அளவு 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தவர்களில் 95% பேர் ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிரோடு இருந்தார்கள். 30-க்குக் கீழே இருந்தவர்களில் 82%. அம்மா நடுவில் இருக்கிறார். 'அப்போ கீமோ வேண்டாமே' என்று முடிவுகட்டிவிடாதீர்கள், அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. ஹார்மோன் வகைப் புற்றுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரரின் ரிப்போர்ட்டோடு ஒப்பிட வேண்டாம்.

கஷாயத்துக்கு வருவோம். எதிர்ப்பு அணுக்கள் எல்லாமே நம் பக்கம் நிற்பதில்லை. புற்றணுக்கள் சி.எஸ்.எஃப்-1 என்ற புரதத்தைச் சுரந்து மேக்ரோபேஜ் என்ற எதிர்ப்பு அணுக்களை இழுக்கும். அவை பதிலுக்கு இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிப் புரதத்தைக் கொடுத்து, புற்றணுக்களை ரத்தக்குழாய் வரை கூட்டிப்போய் உள்ளே நுழையவும் உதவும். ரத்தத்தில் சுற்றும் புற்றணுவோடு நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு ஒட்டிக்கொண்டால் அந்தப் புற்றணு வேகமாகப் பெருகுகிறது என்று 2019-ல் ஓர் ஆய்வு காட்டியது. 'எதிர்ப்புசக்தி கூடும்' என்று விற்பவரிடம், இதில் எந்த அணுவைக் கூட்டுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்! தவிர, சில மூலிகைகள் கீமோ மருந்து கல்லீரலில் சிதையும் வேகத்தையே மாற்றிவிடும். டாக்டரிடம் சொல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள்.

டி.ஐ.எல்.லை விட முக்கியமானவை இரண்டு: கட்டி எத்தனை சென்டிமீட்டர், அக்குள் நெறியில் (நிணநீர் முடிச்சில்) நோய் இருக்கிறதா. இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தாலோ நெறியில் இருந்தாலோ, கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி (எதிர்ப்பு அணுக்களைப் புற்றுக்கு எதிராக முடுக்கிவிடும்) மருந்து சேர்ப்பது பற்றிக் கேளுங்கள். விலை மிக அதிகம், தைராய்டு போன்ற சுரப்பிகளையும் தாக்கலாம். இதை ஆபரேஷனுக்கு முன்பே தொடங்க வேண்டும் என்பதால், ஆபரேஷன் தேதி குறிப்பதற்குள் கேட்டுவிடுங்கள்.